வியன்னாவின் நிமோனியா வார்டு: நுரையீரல் நோய்களும் ஹோமியோபதியும்

1792 மார்ச் 1 அன்று வியன்னாவில் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் லியோபோல்ட் இறந்துபோனார். வயது 44. காய்ச்சலும் மார்பு இறுக்கமுமாகப் படுத்தவருக்கு அரண்மனை மருத்துவர்கள் இரத்தம் வடித்தார்கள். குணம் தெரியவில்லை என்று மறுபடி வடித்தார்கள். அதற்குப் பிறகும் விடவில்லை. ஒன்றிரண்டு நாளுக்குள் நான்கு முறை வடித்தாயிற்று. அந்த மாத இறுதியில், கோத்தா நகரில் வெளிவந்த ஒரு இதழில் சாக்சனி நாட்டு மருத்துவர் ஒருவர் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். முதல் முறை வடித்தும் பலன் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகு, இரண்டாவது முறை எதற்காக வடித்தார்கள்? மூன்றாவது எதற்காக? கேட்டவர் பெயர் சாமுவேல் ஹானிமன்.

ஹோமியோபதி என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. ஹானிமன் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஸ்காட்லாந்து மருத்துவர் கல்லனின் நூலை மொழிபெயர்க்கும்போது சிங்கோனா பட்டையைத் தானே தின்று பார்த்திருந்தார். மலேரியாவைத் தணிக்கும் அந்தப் பட்டை, ஆரோக்கியமான தன் உடலில் மலேரியாவைப் போன்ற குறிகளை உண்டாக்கியது என்று எழுதிவைத்தார். ஒரு பொருள் நலமான உடலில் எந்தக் குறிகளைத் தோற்றுவிக்கிறதோ, அதே குறிகள் கொண்ட நோயை அது நீக்கும் என்ற கொள்கையை 1796-இல் ஒரு கட்டுரையாகவும், 1810-இல் ‘ஆர்கனான்’ என்ற நூலாகவும் விரித்தார். தமிழ்நாட்டில் ஹோமியோபதி மருத்துவர்கள் இன்றும் முள்ளை முள்ளால் எடுப்பது என்று சொல்லி விளக்குவது இதைத்தான். மருந்தை மேலும் மேலும் நீர்க்கச் செய்து குலுக்கினால் அதன் வீரியம் கூடும் என்பது அதன்பின் வந்து சேர்ந்த இரண்டாவது கொள்கை.

இந்த இரண்டு கொள்கைகளும் சரியா என்பது ஒரு கேள்வி. அதற்கான விடை இன்று தெளிவாகவே இருக்கிறது. இக்கட்டுரை அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் நுரையீரல் நோய்களின் வரலாற்றைப் புரட்டும்போது வேறொரு கேள்வி எழுகிறது. இந்தக் கொள்கைகளை நம்பியவர்கள் நடத்திய மருத்துவமனைகள், அவற்றை நம்பாத மருத்துவ உலகத்துக்கு என்ன கற்றுக்கொடுத்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிடைத்த அந்தப் பாடம் சிறியதல்ல. அதைக் கற்றவர்களும் கற்பித்தவர்களும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள் என்பதில்தான் இந்த வரலாற்றின் முக்கியத்துவம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நிமோனியா வந்தவருக்கு என்ன நடந்தது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் ஏறும், விலாவில் குத்தும், துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் சளி வரும். அழற்சி என்றால் இரத்தம் மிகுந்து தேங்குவது என்று கருதிய மருத்துவர்கள் கை இரத்த நாளத்தைக் கீறிக் கிண்ணம் கிண்ணமாக இரத்தத்தை இறக்கினார்கள். பாரிசில் புருசே என்ற மருத்துவரின் செல்வாக்கில் அட்டை விடுவது பெரும் வழக்கமாகி, 1833-ஆம் ஆண்டில் மட்டும் பிரான்சு நான்கு கோடிக்கும் அதிகமான அட்டைகளை இறக்குமதி செய்தது. மற்றொரு மருந்து டார்ட்டார் எமெட்டிக் என்ற அன்டிமனி உப்பு. குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும் அந்த நஞ்சைப் பெரிய அளவுகளில் கொடுத்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லேனக் போன்ற கூர்மையான அறிஞரும் நிமோனியாவுக்கு அதைக் கொடுத்தவர்தான்.

இதை முதலில் எண்ணிப் பார்த்தவர் ஹோமியோபதிக்காரர் அல்லர். பாரிசைச் சேர்ந்த பியேர் லூயி 1835-இல் 77 நிமோனியா நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். நோய் தொடங்கிய முதல் நான்கு நாட்களுக்குள் இரத்தம் வடிக்கப்பட்ட 41 பேரில் 44 விழுக்காட்டினர் இறந்தார்கள். ஐந்தாம் நாள் முதல் ஒன்பதாம் நாளுக்குள் வடிக்கப்பட்ட 36 பேரில் 25 விழுக்காட்டினர் இறந்தார்கள். சீக்கிரம் வடித்தால் நல்லது என்பது நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த விதி; எண்கள் அதற்கு நேர்மாறாக நின்றன. ஆனாலும் லூயியிடம் ஒரு குறை இருந்தது. இரத்தமே வடிக்கப்படாத நோயாளிகள் அவர் பட்டியலில் இல்லை. வைத்தியம் செய்யாமல் விட்டால் நிமோனியா என்ன ஆகும் என்பது ஐரோப்பாவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எந்த மருத்துவரின் மனசாட்சியும் இடம் தராது.

அந்த இடைவெளியில்தான் வியன்னாவின் கும்பென்டோர்ஃப் புறநகர் வருகிறது.

ஆஸ்திரியாவில் 1819 முதல் ஹோமியோபதிக்குத் தடை இருந்தது. ஆயினும் கருணைச் சகோதரிகள் சபையார் கும்பென்டோர்ஃபில் நடத்திய மருத்துவமனையில் வில்ஹெல்ம் ஃபிளைஷ்மன் என்ற ஹோமியோபதி மருத்துவர் 1835-இல் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு வந்த காலராவில் அவருடைய மருத்துவமனையில் பிழைத்தோர் விகிதம் நகரின் மற்ற இடங்களைவிட நன்றாக இருந்ததாகப் பேச்சு பரவியது. 1837-இல் தடை நீங்கியது. நிமோனியாவுக்கு ஃபிளைஷ்மன் முக்கியமாக நம்பியது மிகவும் நீர்த்த பாஸ்பரஸை. இரத்தம் வடிக்கவில்லை. அன்டிமனியைப் பெரிய அளவில் கொடுக்கவில்லை. படுக்கை, சுத்தமான வார்டு, கன்னியாஸ்திரீகளின் கவனிப்பு, குடிக்கத் தண்ணீர், எளிய கஞ்சி உணவு, நேரம் தவறாமல் சில துளி மருந்து: அவ்வளவுதான்.

ஃபிளைஷ்மனின் எண்கள் லண்டனை எட்டியபோது அவற்றைப் பொறுமையாகப் படித்தவர் ஜான் ஃபோர்ப்ஸ். லேனக்கின் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். விக்டோரியா மகாராணியின் மருத்துவர்களில் ஒருவர். மதிப்புமிக்க ஒரு மருத்துவ இதழின் ஆசிரியர். 1846-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை மருத்துவ உலகைக் கலக்கியது. கும்பென்டோர்ஃபில் அனுமதிக்கப்பட்ட ஏறத்தாழ 300 நிமோனியா நோயாளிகளில் இறந்தோர் 19 பேர். நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல். இந்த எண்ணை ஃபோர்ப்ஸ் கேலி செய்து ஒதுக்கவில்லை. மருந்தில் மருந்தே இல்லை என்று அவர் உறுதியாகக் கருதினார். அப்படியானால் அந்த வார்டில் பிழைத்தவர்களைப் பிழைக்க வைத்தது எது? இயற்கை. இயற்கை தானாகவே இவ்வளவு பேரைக் காப்பாற்றுமானால், அதைவிட அதிகமானோர் சாகும் நம் வார்டுகளில் நாம் செய்துகொண்டிருப்பது என்ன?

தன் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பார்த்து இப்படிக் கேட்க அசாத்தியத் துணிவு வேண்டும். ஃபோர்ப்ஸ் அதற்கு விலையும் கொடுத்தார். சக மருத்துவர்களின் கண்டனம் பொழிந்தது. விரைவில் அவர் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். மருத்துவ வரலாற்றில், மருத்துவர்களைக் கை கழுவச் சொன்ன செம்மல்வைஸ் போன்றவர்களுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும்.

அதே 1846-இல் ஜார்ஜ் பால்ஃபர் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் வியன்னாவுக்கே போய், மே முதல் ஜூலை வரை ஃபிளைஷ்மனின் வார்டில் நின்று பார்த்தார். உடலைத் தட்டியும் கேட்டும் நோயறியும் கலையை வளர்த்த ஜோசப் ஸ்கோடா அப்போது வியன்னாவின் பெரிய பொது மருத்துவமனையில் இருந்தார். வலுவான மருந்துகளை ஒதுக்கிவிட்டு நோயின் போக்கைப் பார்த்திருக்கும் முறையை அவரும் கையாண்டார். ஹோமியோபதி வார்டில் நடப்பதற்கும் எதுவும் கொடுக்காத வார்டில் நடப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு வந்தது தீர்ப்பு. வியன்னாவின் வீடன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜோசப் டீட்டில் என்ற போலந்து மருத்துவர் 1849-இல் 380 நிமோனியா நோயாளிகளின் கணக்கை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இரத்தம் வடிக்கப்பட்ட 85 பேரில் இறந்தோர் 20.4 விழுக்காடு. டார்ட்டார் எமெட்டிக் கொடுக்கப்பட்ட 106 பேரில் 20.7 விழுக்காடு. உணவும் ஓய்வும் மட்டுமே பெற்ற 189 பேரில் 7.4 விழுக்காடு. கடைசி எண்ணை ஃபிளைஷ்மனின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். நீர்த்த பாஸ்பரஸ் வாங்கியவர்களும் ஒன்றுமே வாங்காதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பிழைத்தார்கள். மருத்துவரின் கத்தியும் நஞ்சும் தீண்டியவர்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு செத்தார்கள்.

டீட்டிலின் நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். வயது, உடல்வலு ஆகியவற்றில் மூன்று குழுக்களும் சமம் என்று சொல்ல வழியில்லை. அந்த எண்களை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவை சுட்டிய திசை சரியானது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் நிமோனியாவுக்கு இரத்தம் வடிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. எடின்பரோவின் ஹியூஸ் பென்னட், இரத்தம் வடிக்காமல் ஊட்டமான உணவு கொடுத்துப் பார்த்த 129 நோயாளிகளில் நான்கே பேரை இழந்ததாக 1865-இல் எழுதினார். டீட்டில் பிற்காலத்தில் கிராக்கோவ் நகரின் மேயராகி, மக்களின் மரியாதையோடு வாழ்ந்தார்.

இந்தக் கதையை ஹோமியோபதிக்காரர்கள் எப்படிப் படித்தார்கள்? எங்கள் மருந்து நிமோனியாவைக் குணமாக்குகிறது என்று படித்தார்கள். அன்றைய நிலையில் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. பெரும்பாலான நிமோனியா ஐந்தாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையில் திடீரென்று வியர்த்துக் காய்ச்சல் இறங்கித் திரும்பும். முந்தைய நாள் கொடுத்த உருண்டைதான் திருப்பியது என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தோன்றும். நோய் இப்படி நாள் குறித்துக்கொண்டு ஏறி இறங்குகிறது. மருந்தைப் பற்றிய மாயைகள் வளர இதைவிட வளமான நிலம் கிடையாது.

அவர்களுடைய கவனிப்பை மட்டும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் அவர்கள் எழுதிவைத்த குறிகள் நுணுக்கமானவை. பிரையோனியாவுக்குரியவர் அசைந்தாலே விலாவில் குத்தும் என்பார். வலிக்கும் பக்கமாகவே ஒருக்களித்துப் படுப்பார். லைக்கோபோடியத்துக்குரியவருக்கு மூச்சு வாங்கும்போது மூக்குத் துவாரங்கள் விசிறிபோல் விரிந்து சுருங்கும். ஆன்டிமோனியம் டார்ட்டுக்குரியவரின் நெஞ்சில் சளி கரகரக்கும். ஆனால் காறித் துப்பும் வலு இருக்காது. தூக்கக் கலக்கமாகவே கிடப்பார். காலி கார்போனிக்கத்துக்குரியவர் விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சுத் திணறி எழுந்து முன்பக்கமாகக் குனிந்து உட்காருவார்.

இவற்றில் எதுவும் கற்பனை அல்ல. நுரையீரலைச் சுற்றிய உறை அழற்சியுற்றால் அந்தப் பக்கமாகப் படுப்பது விலாவின் அசைவைக் கட்டுப்படுத்தி வலியைக் குறைக்கும். குழந்தைகளின் மூக்கு விரிவதை மூச்சுத் திணறலின் அபாய அறிகுறியாக இன்றைய குழந்தை மருத்துவர் ஒவ்வொருவரும் பார்க்கிறார். விடிவதற்கு முன் ஆஸ்துமா முற்றுவது உடலின் அன்றாடச் சுழற்சியோடு தொடர்புடையது. ஆகக் கண்ணும் காதும் சரியாகவே வேலை செய்தன. பிழை அடுத்த படியில் நேர்ந்தது. மூக்குத் துவாரம் விரிவது நோயாளி எந்த மருந்துக்குரியவர் என்பதைக் காட்டுகிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது காட்டியது நுரையீரல் எவ்வளவு மோசமாகிவிட்டது என்பதை. ஸ்டெதாஸ்கோப் வந்தபிறகு மருத்துவம் உடலுக்குள் எந்த இடம் கெட்டது என்று தேடத் தொடங்கியது. ஹோமியோபதியோ குறிகளின் முழுத்தொகையே நோய் என்ற ஹானிமனின் வரையறையில் நின்றுகொண்டது. இரண்டு பாதைகளும் பிரிந்த இடம் அதுதான்.

வீரியம் பற்றிய கொள்கைக்கும் அதே வியன்னாவில்தான் அடி விழுந்தது. 1865-இல் ஜோகன் ஜோசப் லோஷ்மிட் மூலக்கூறின் அளவை முதன்முதலாக மதிப்பிட்டார். அதிலிருந்து வளர்ந்த கணக்கின்படி, நூற்றுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை நீர்த்தால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே அரிது. ஹானிமன் விரும்பிய 30-ஆம் வீரியம், அதாவது அப்படி முப்பது முறை நீர்த்தது, அந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

நிமோனியா ஒன்பது நாளில் முடிந்துவிடும். காசநோய் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கொலைகாரனிடம் ஹோமியோபதி எதிர்கொண்ட சோதனை வேறு வகையானது.

தொடக்கத்தில் கல்கேரியா கார்போனிக்கா, ஸ்டானம், பாஸ்பரஸ் போன்ற மருந்துகளை நோயாளியின் உடல்வாகு பார்த்துக் கொடுத்தார்கள். முற்றிய காசநோயாளிக்கு சல்ஃபரையோ சிலிசியாவையோ உயர் வீரியத்தில் கொடுத்துவிடாதே என்று அமெரிக்க ஹோமியோபதி ஆசான் ஜேம்ஸ் டைலர் கென்ட் தம் மாணவர்களை எச்சரித்தார். நோயாளி சாவை நோக்கி விரைவார் என்று அஞ்சினார். அந்த எச்சரிக்கைக்குள் ஒரு மருத்துவரின் நிஜமான துயரம் இருக்கிறது. முற்றிய நிலையில் வந்தவர்கள் எதைக் கொடுத்தாலும் இறந்தார்கள்.

இதற்கிடையே நோயின் கழிவிலிருந்தே மருந்து செய்யும் எண்ணம் பரவியது. லைப்சிக்கைச் சேர்ந்த லுக்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1833-இல் தொற்றுப் பொருளையே நீர்த்துக் கொடுக்கலாம் என்று எழுதினார். ஹோமியோபதி மருத்துவர் கான்ஸ்டன்டைன் ஹெரிங் காசநோய்ச் சளியிலிருந்து மருந்து செய்வதைப் பற்றிப் பேசினார். நியூயார்க்கின் சாமுவேல் ஸ்வான் 1870-களில் காசநோய்ச் சீழை நீர்த்து ‘டியூபர்குலினம்’ என்று பெயரிட்டார். லண்டனில் ஜேம்ஸ் காம்ப்டன் பர்னெட் இத்தகைய ஒரு மருந்துக்கு ‘பாசிலினம்’ என்று பெயர் சூட்டி, ஐந்தாண்டு அனுபவத்தைச் சொல்லும் நூலொன்றை 1890-இல் வெளியிட்டார். பிற்காலத்தில் நாவலாசிரியையாகப் புகழ்பெற்ற ஐவி காம்ப்டன்-பர்னெட்டின் தந்தை இவர்தான்.

அதே 1890-இல், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த ராபர்ட் கோக், காசநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாக பெர்லினில் அறிவித்தார். அது கிருமியிலிருந்து எடுத்த கிளிசரின் சாறு. டியூபர்குலின் என்று பெயர். செய்முறையை அவர் வெளியிடவில்லை. நோயாளிகள் ரயில் ரயிலாக பெர்லினுக்கு வந்து இறங்கினார்கள். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், தாமும் ஒரு மருத்துவர் என்ற முறையில் நேரில் போய்ப் பார்த்து, ஆரவாரத்தை நம்பாமல் நிதானமாக எழுதினார். 1891 ஜனவரியில் நோய்க்கூறியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ பிணப் பரிசோதனை முடிவுகளை முன்வைத்தார்: டியூபர்குலின் பெற்று இறந்தவர்களின் உடலில் புண்கள் ஆறியிருக்கவில்லை, நோய் புதிய இடங்களுக்குப் பரவியிருந்தது. கோக்கின் வாழ்நாள் புகழில் பெரிய கறை அது. அந்தச் சாறு பின்னர் தோலில் சோதித்துத் தொற்றைக் கண்டறியும் கருவியாக மறுவாழ்வு பெற்றது.

கோக் எங்கள் முறையையே எடுத்துக்கொண்டு அளவை மட்டும் பன்மடங்கு கூட்டிவிட்டார் என்று ஹோமியோபதிக்காரர்கள் சொன்னார்கள். அளவு கூடியதால் அது கொன்றது. எங்களுடையது கொல்லவில்லை, குணமாக்கியது. இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைச் சோதிக்க பர்னெட்டின் காலத்தில் வழியில்லை. இன்று இருக்கிறது. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தார் 1961 முதல் 1968 வரை அப்பகுதிக் கிராமங்களில் நோயின் போக்கை ஆராய்ந்தனர். சளியில் கிருமி காணப்பட்ட 126 பேரில் ஐந்தாண்டு முடிவில் 49.2 விழுக்காட்டினர் இறந்துபோயிருந்தார்கள், 18.3 விழுக்காட்டினர் இன்னும் கிருமியை வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். மீதி 32.5 விழுக்காட்டினரின் சளியில் கிருமி இல்லை. முறையான சிகிச்சை இல்லாமலேயே மூன்றில் ஒருவர் மீண்டார்.

பர்னெட்டின் நூலில் மீண்டவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு இந்த எண் பதில் சொல்கிறது. நூறு பேருக்கு எதைக் கொடுத்தாலும் முப்பது பேர் நலம் பெற்றுத் திரும்பி வந்து கை கூப்புவார்கள். இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை. மேலும் அவர் காசநோய் என்று எழுதிய பலரிடம் கிருமி தேடிப் பார்க்கப்படவே இல்லை. நேர்மையான மருத்துவர் ஒருவர் தன் கண்ணால் கண்டதை நம்பி எப்படி ஏமாந்துபோக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

1918-இன் இன்ஃப்ளூயன்சா இன்னொரு அத்தியாயம். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6,75,000 பேரைக் கொன்ற அந்தக் கொள்ளைநோயில் சாவு பெரும்பாலும் நிமோனியா வழியாகவே வந்தது. ஜெல்செமியம், பிரையோனியா, யூபடோரியம் கொடுத்த தங்கள் நோயாளிகளில் இறப்பு 1.05 விழுக்காடுதான் என்று ஹோமியோபதி மருத்துவர்கள் 26,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைக் காட்டினார்கள். மற்ற மருத்துவர்களிடம் 28 விழுக்காடு இறந்ததாக ஒரு ஒப்பீட்டையும் சேர்த்தார்கள். இன்றும் ஹோமியோபதி மேடைகளில் இந்த எண் ஒலிக்கிறது. ஆனால் அந்தக் கொள்ளைநோயில் நோயுற்றவர்களின் பொதுவான இறப்பு விகிதமாக அறிஞர்கள் வழக்கமாகச் சொல்வது 2.5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 28 என்பது மருத்துவமனையில் நிமோனியா முற்றிக் கிடந்தவர்களுக்கே பொருந்தும். வீட்டில் படுத்திருந்தவர்களையும் சேர்த்து மருத்துவர்கள் தாங்களே அனுப்பிய கணக்கை அதோடு ஒப்பிட்டால் விடை தவறாகவே வரும்.

ஆயினும் வியன்னாவின் பாடம் இங்கேயும் ஓரளவு எட்டிப் பார்க்கிறது. அப்போது ஆஸ்பிரின் நாளொன்றுக்கு 8 கிராம் முதல் 31 கிராம் வரை பரிந்துரைக்கப்பட்டது; இன்றைய அறிவின்படி அது நஞ்சூட்டும் அளவு, நுரையீரலில் நீர் கோக்கச் செய்யக்கூடியது. 1918-இன் சில இறப்புகளுக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம் என்று காரென் ஸ்டார்கோ என்ற மருத்துவர் 2009-இல் வாதிட்டார். அது சரியாக இருந்தால், ஆஸ்பிரினை ஒதுக்கிய ஹோமியோபதியரின் நோயாளிகள் ஒரு ஆபத்திலிருந்து தப்பினார்கள்.

இந்தியாவுக்கு இந்த மருத்துவ முறை மிக விரைவாக வந்தது. ஃபிளைஷ்மன் வியன்னாவில் பணியாற்றிய அதே 1840-களில் சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர், தஞ்சை அரசரின் ஆதரவுடன் அங்கே ஒரு ஹோமியோபதி மருத்துவமனை நடத்தினார். கல்கத்தா பின்னர் இந்திய ஹோமியோபதியின் தலைநகரானது. ஆஸ்துமாவுக்கான ‘பிளாட்டா ஓரியன்டாலிஸ்’ அங்கிருந்து கிளம்பியதுதான். கரப்பான் பூச்சி தெரியாமல் விழுந்து வெந்த தேநீரைக் குடித்த ஒருவருக்கு இரைப்பு தணிந்தது என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு, டி. என். ராய் என்ற கல்கத்தா மருத்துவர் 1890 வாக்கில் கரப்பானிலிருந்து மருந்து தயாரித்து அறிமுகம் செய்தார். உலகெங்கும் ஹோமியோபதி மருந்து நூல்களில் அது இடம்பெற்றது.

இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1997-இல், அமெரிக்காவின் எட்டு நகர்ப்பகுதிகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளை ஆராய்ந்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குக் கரப்பான் ஒவ்வாமை இருந்தது. கரப்பானுக்கும் இரைப்புக்கும் உறவு உண்டு என்பது உண்மையாகிவிட்டது. ஒவ்வாமைப் பொருளைச் சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சையும் 1911 முதல் இருக்கிறது. ஆனால் அதில் கொடுக்கப்படும் பொருள் அளக்கக்கூடிய அளவில் இருக்கிறது, படிப்படியாகக் கூடுகிறது. ஹோமியோபதி வழியில் மிகவும் நீர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? வீட்டுத் தூசிச் சிலந்திப்பேனுக்கு ஒவ்வாமை கொண்ட 242 ஆஸ்துமா நோயாளிகளிடம் ஜார்ஜ் லெவித் குழுவினர் இதைச் சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையான உருண்டைக்கும் வெற்று உருண்டைக்கும் ஆஸ்துமாவில் வித்தியாசம் இல்லை.

ஆடாதோடையின் கதை வேறு மாதிரிப் போனது. சளிக்கும் இருமலுக்கும் தமிழ் வீடுகளில் தலைமுறைகளாகக் கஷாயம் வைத்துக் கொடுத்த இந்த இலையை வங்காள ஹோமியோபதியரும் ‘ஜஸ்டிசியா அதாதோடா’ என்ற பெயரில் தங்கள் மருந்து நூலில் ஏற்றினார்கள். வேதியியலாளர்கள் மறுபக்கம் அதே இலையின் வாசிசின் என்ற பொருளை ஆராய்ந்து, அதன் அமைப்பைத் தழுவி புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தைச் செய்தார்கள். அதிலிருந்து வந்த ஆம்புராக்சால் இன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் இருமல் சிரப்புகளில் இருக்கிறது. நீர்த்து நீர்த்துப் போன பாதை ஒரு பக்கம். பொருளைப் பிரித்தெடுத்து அளந்த பாதை ஒரு பக்கம்.

ஃபிளைஷ்மனின் வார்டு தெரியாமல் செய்த ஒப்பீட்டை, தெரிந்தே திட்டமிட்டுச் செய்யும் நாள் 1947-இல் வந்தது. அதுவும் நுரையீரல் நோயில்தான். பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மிகக் கொஞ்சமே கையிருப்பு இருந்தது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லின் வழிகாட்டுதலில் 107 காசநோயாளிகள் எந்தப் பாரபட்சமும் நுழைய முடியாதபடி பிரிக்கப்பட்டார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் நான்கு பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர்.

இந்த வரிசையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டமான விடுதி ஆகியவை இல்லாமல் காசநோய் தீராது என்பது அதுவரை எல்லோரும் நம்பிய செய்தி. அந்த நம்பிக்கையும் எண்ணிப் பார்க்கப்படாததுதான். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை விடுதியில் சேர்த்தும் மறு பகுதியினரை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே இருக்கவிட்டும் ஐசோனியாசிட், பாஸ் மாத்திரைகளை ஓராண்டு கொடுத்தார்கள். விடுதியில் 92 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். வீட்டில் 86 விழுக்காட்டினர். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய் விடுதிகளின் காலத்தை முடித்துவைத்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் தொடர் ஆய்வில் தெரிந்தது. மருந்து தொடங்கியதும் பரவல் விரைவாகக் குறைந்துவிடுவதே காரணம்.

காசநோய்க்கு ஹோமியோபதியைப் பயன்படுத்தக் கூடாது என்று 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் வெளிப்படையாகச் சொன்னது ஏன் முக்கியம் என்பதை இந்தக் கடைசி உண்மை காட்டுகிறது. நிமோனியாவில் தவறான நம்பிக்கை ஒரு நோயாளியின் உயிரோடு நின்றுவிடும். காசநோயில் உருண்டைகளை நம்பிக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அவருடைய குழந்தையும் அடுத்த வீட்டுக்காரரும் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். இந்தியாவில் 2012 முதல் காசநோய் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். எந்த முறை மருத்துவராக இருந்தாலும் அந்தக் கடமை உண்டு. நம் ஊர்களில் இருமலுக்காக முதலில் ஹோமியோபதி மருத்துவரிடம் போகும் குடும்பங்கள் நிறைய. அவர்களுடைய பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொரு குறியையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் அந்த மருத்துவர்களுக்கு இருநூறு ஆண்டுகளாகக் கைவந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் இளைப்பு என்ற குறிகளை எழுதியதும், மருந்தை எடுப்பதற்கு முன் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துவரச் சொல்லி அனுப்ப அவர்களால் முடியும். பலர் அனுப்பவும் செய்கிறார்கள்.